சிஸ்டர் பதில்கள்

அபிநய சரஸ்வதி பி. சரோஜாதேவி 2025 ஜூலை 14 அன்று பெங்களூரு மல்லேஸ்வரம் வீட்டில் காலமானார். வயது 87. அந்த வாரம் முதல் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பற்றியவை. மூட்டுவலி, சர்க்கரை, மாமியார் மருமகள் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

வாசகி, குடியாத்தம்: சிஸ்டர், ‘பாலும் பழமும்’ பார்த்துத்தான் நீங்கள் நர்ஸ் ஆனீர்களாமே?

அப்படியெல்லாம் இல்லை. நர்ஸ் ஆனதற்குக் காரணம் அப்பாவின் சம்பளம். பீடி மண்டியில் கணக்கு எழுதியவர். எனக்குப் பின்னால் வரிசையாகத் தம்பி தங்கைகள். ஆனால் அந்தப் படம் வேறொரு உபகாரம் செய்தது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வந்ததும் வீட்டில் ரகளை. கண்ட ஆண்களைத் தொட்டுத் துடைக்கிற வேலைக்கா பெண்ணை அனுப்புவது என்று பெரியப்பா குதித்தார். அப்பா வாயே திறக்கவில்லை. ராத்திரி சோறு போடும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: “டென்ட் கொட்டகையில் சரோஜாதேவி நர்ஸாக வந்தபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தீர்களே, அப்போது அந்த வேலை கேவலமாகத் தெரியவில்லையா?” அப்பா ரசம் ஊற்றச் சொன்னார். மறுநாள் காலையில் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார், பெரியப்பாவிடம் சொல்லாமல்.

படத்தின் மீது எனக்கு ஒரே ஒரு வழக்கு உண்டு. அதில் டாக்டர் ரவி, நர்ஸ் சாந்தியைக் கல்யாணம் செய்துகொள்கிறார். என் சர்வீஸில் டாக்டர்கள் என்னிடம் ஆசையாகக் கேட்டதெல்லாம் கேஸ் ஷீட்தான்.

வாசகர், ஆற்காடு: அவரிடம் நடிப்பைவிடக் கொஞ்சல்தான் அதிகம் என்பது என் கட்சி. ‘கோபால்… கோபால்’ என்று இன்றுவரை மிமிக்ரி செய்கிறார்களே, மறுக்க முடியுமா?

கொஞ்சல் இருந்தது, மறுக்கவில்லை. பெங்களூரில் பிறந்து, 1955-இல் ‘மகாகவி காளிதாஸ’ என்ற கன்னடப் படத்தில் தொடங்கியவர். தமிழ் அவர் வாயில் கொஞ்சம் வழுக்கியது. நம் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒரு குற்றமாகவே தோன்றியதில்லை. ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்த தெருவில் உருது, சந்தைக்குப் போனால் எல்லாம் கலந்த ஒன்று என்று வளர்ந்த காதுகள் நம்முடையவை. சென்னை விமர்சகர்கள்தான் சுளுக்கிக்கொண்டார்கள்.

ஆனால் உங்கள் கட்சிக்கு என் பதில் வேறு. அவர் பேசாத இடங்களைப் பாருங்கள்.

‘பாலும் பழமும்’ படத்தின் தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். காசநோயில் படுத்திருக்கும் மனைவிக்குச் சிவாஜி பணிவிடை செய்து பாடுகிறார். பாட்டு டி.எம். சௌந்தரராஜன் குரலில் ஓடுகிறது. சரோஜாதேவிக்குப் பாட ஒரு வரிகூடக் கிடையாது. முகம் ஒன்றுதான் மூலதனம். வார்டில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படுத்துக் கிடப்பவருக்கு, வலியைவிடத் தனக்காக இன்னொருவர் அல்லாடுவதுதான் பெரிய வேதனை. புருஷன் கஞ்சி ஊட்டினால் வாயைத் திறப்பாள், கண்ணை மட்டும் சுவர்ப் பக்கம் கொண்டுபோய்விடுவாள். வாங்கிக்கொள்ளவும் வேண்டும், வாங்கிக்கொள்ளக் கூசவும் செய்யும். அந்தக் கூச்சத்தை இந்த அம்மாள் எங்கே கற்றாரோ, அப்படியே கொண்டுவந்திருக்கிறார். எதிரே நடிப்பவர் சிவாஜி என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் உருகிப் பாடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பல படங்களில் மேஜை நாற்காலியோடு சேர்ந்துவிடுவார்கள். இவர் சேரவில்லை.

நீங்கள் சொன்ன ‘கோபால்’ வருவது 1964-இல் வந்த ‘புதிய பறவை’யில். அதில் அவர் காதலியாகப் பழகுகிற துப்பறியும் அதிகாரி. ஒருமுறை படம் பார்த்து முடிவு தெரிந்தபின் மறுபடி பாருங்கள். ஒவ்வொரு ‘கோபால்’ அழைப்பிலும் பாசமும் இருக்கிறது, வேவும் இருக்கிறது. கொஞ்சல் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ, அதுவே அந்தப் பாத்திரத்துக்குப் போட்ட வேஷம். மிமிக்ரிக்காரர்கள் பாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வாசகர், ராணிப்பேட்டை: எம்.ஜி.ஆர். ஜோடியா, சிவாஜி ஜோடியா?

வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறீர்கள். எம்.ஜி.ஆருடன் 26 படங்கள். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்தின் வண்ணப் பகுதியில் இளவரசி ரத்னாவாக வந்தது முதல் 1967-இல் ‘அரச கட்டளை’ வரை. அந்த ஆண்டுதான் ஸ்ரீஹர்ஷாவுடன் அவருக்குத் திருமணமும் நடந்தது. பார்க்க அழகு எம்.ஜி.ஆர். ஜோடி, நடிக்க இடம் கிடைத்தது சிவாஜியிடம். எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்களிடம் அன்று இதைக் கேட்டிருந்தால், “யார் ஜோடியாக இருந்தால் என்ன, கொண்டை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டாமா?” என்பார்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பேச்சு முழுக்க முந்தாநாள் பார்த்த படத்தில் அவர் கட்டிய புடவையின் கரை, ரவிக்கையின் கை, கண்ணோரத்தில் வால்போல் இழுத்துவிட்ட மை. பாதிப் படம் அவர்களுக்குக் கறுப்பு வெள்ளை. புடவையின் நிறத்தை அவர்களே முடிவுசெய்துகொண்டு, அதற்காகச் சண்டையும் போடுவார்கள்.

கல்லூரி மாணவி, பேரணாம்பட்டு: அவர் படம் எதுவும் நான் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

1966-இல் வந்த ‘அன்பே வா’. அழ வேண்டியதில்லை, சிம்லா பார்க்கலாம். பிடித்துப்போனால் ‘கல்யாண பரிசு’. 1959-இல் ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். அக்காவுக்காகக் காதலனை விட்டுக்கொடுக்கும் வசந்தியாக வருவார். அந்தத் தியாகத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது, நடிப்பில் உண்டு. சிரிக்கவைக்கத் தங்கவேலு இருக்கிறார், தைரியமாகப் பாருங்கள்.

வாசகர், காட்பாடி: காசநோய் வந்த சாந்தி வீட்டை விட்டுப் போனது, நர்ஸாக உங்கள் பார்வையில் சரியா?

தப்பு. கதைக்கு வேண்டும் என்பதால் மன்னிக்கலாம். அவள் போகாவிட்டால் டாக்டரின் இரண்டாவது மனைவியாகச் சௌகார் ஜானகி எப்படி வருவார்?

அந்தக் காலத்தில் நம் ஊரில் காசநோய் என்றால் மதனப்பள்ளி பக்கத்து ஆரோக்கியவரம் சானடோரியம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். 1912-இல் தொடங்கியது. போனவர் திரும்புவாரா என்று வீடே காத்துக்கிடக்கும். ஆனால் படம் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1959-இல், சென்னையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியாகிவிட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களை அவரவர் ஏழைக் குடிசையிலும் வைத்து ஓர் ஆண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றிய ஆய்வு அது. சாந்தி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்திருக்கலாம். இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றுகிற வீடுகளுக்கு இதைச் சற்று உரக்கவே சொல்கிறேன்.

வாசகி, சத்துவாச்சாரி: சரோஜாதேவியின் கண்களைத் தானம் செய்தார்களே, 87 வயதுக் கண் யாருக்காவது பயன்படுமா? எனக்கும் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது.

தாராளமாகப் பயன்படும். எடுத்து வைப்பது கருவிழியின் மேலிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தைத்தான். அது தெளிவாக இருந்தால் போதும், வயது தடையில்லை. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், சர்க்கரைக்காரர், கண்ணாடி போட்டவர் எல்லோரும் கொடுக்கலாம். இரத்தத்தில் பரவும் தொற்று போன்ற சில நோய்கள் இருந்தால் மட்டும் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது கண் வங்கியின் வேலை.

அவருடைய உடலைச் சென்னபட்டணா அருகே தசவாரா கிராமத்துக்குக் கொண்டுபோய் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். அதற்கு முன்பே கண்களைக் கொடுத்தாகிவிட்டது. அந்த வீட்டாருக்கு அந்த நேரத்திலும் நினைவு இருந்ததே, அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். நீங்கள் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும், அன்றைக்குப் போன் செய்ய வேண்டியவர்கள் உங்கள் பிள்ளைகள். ஆகவே இப்போதே அவர்களிடம் சொல்லிவையுங்கள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆட்கள் வரும்வரை மின்விசிறியை நிறுத்திவிட்டு, இமைகளை மூடி ஈரப் பஞ்சை வைத்து, தலைக்குத் தலையணை கொடுக்கச் சொல்லுங்கள். முகம் விகாரமாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ஆகாது. மாலை போட வந்தவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும்.