சந்தாவும் கணக்கும்

அன்புள்ள ஐயா,
அம்மா நீலகிரியில் பந்தலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறிக்கிறார். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. சுரங்கத் தொழிலாளியாக இருந்து பிரிட்டனில் மந்திரியான அனைரின் பெவன் பற்றி வாசித்தேன். படிக்காத ஒருவர் எவ்வளவு செய்திருக்கிறார்! நம் மலையில் ஏன் அப்படி ஒரு தலைவர் வரவில்லை? படிப்பை விட்டுவிட்டு யூனியனில் சேரலாமா?

அன்புள்ள தம்பி,
படிக்காதவர் என்று யார் சொன்னது? 13 வயதில் சுரங்கத்துக்குப் போனவர்தான். ஆனால் வேல்ஸில் அவர் ஊரான ட்ரெடிகரில் தொழிலாளிகள் காசு போட்டு நடத்திய நூலகத்திலேயே கிடந்தவர். 1919இல் யூனியன் செலவில் லண்டனுக்குப் போய்ப் படித்தவர். இனி இப்படி எழுதாதீர்கள்.

அரசு மருத்துவத்தில் இலவசமாகக் கொடுத்த கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் இனிக் கட்டணமா என்று 1951இல் அவர் பதவியை விட்டதை எல்லோரும் மெச்சுகிறார்கள். சரி, இருக்கட்டும். நான் அந்த ஊர் மெடிக்கல் எய்டு சொசைட்டியைத்தான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கூலியில் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் பிடித்தார்கள். அதில் குடும்பத்துக்கே டாக்டரும் மருந்தும். எந்த டாக்டரை வைப்பது என்பதும் அவர்கள் கமிட்டியின் முடிவு. பெவன் அங்கே பழகியதைத்தான் 1948 ஜூலை 5 முதல் என்.எச்.எஸ். என்ற இலவச அரசு மருத்துவமாக நாடு முழுக்க விரித்தார்.

இங்கே அதே 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வைத்தியம் முதலாளி பொறுப்பு என்றது. நல்ல சட்டம். ஆனால் என் அம்மா வேலை பார்த்த எஸ்டேட் டிஸ்பென்சரியில் எந்த நோய்க்கும் ஒரே ரோஸ் கலர் மிக்சர். கம்பவுண்டரை யார் வைத்தார்கள், யார் மாற்றினார்கள், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாருக்கும் தெரியாது. சம்பள நாளில் மேசைக்கு நாலு எட்டு தள்ளி யூனியன்காரர் ரசீதுப் புத்தகத்தோடு நிற்பார். அம்மா சந்தாவைக் கொடுத்து, ரசீதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வாள். துவைக்கும்போது அது கூழாகிக் கையோடு வரும். அந்தக் காசுக்குக் கொடிக்கம்பம் வந்தது, மாநாட்டுக்கு லாரி வந்தது. கணக்கு வந்து நான் பார்த்ததில்லை.

தலைவர் வரவில்லை என்கிறீர்களே, தலைவர்களுக்கு என்ன குறைச்சல்? கூட்டத்தில் எழுந்து நின்று, 'போன மாசம் மருந்துக்கு எவ்வளவு செலவாச்சு?' என்று கேட்கத்தான் ஆள் இல்லை. வேலை போனால் லயமும் போய்விடும், வாய் திறப்பது லேசில்லை, எனக்கும் தெரியும். ட்ரெடிகரில் மட்டும் முதலாளி இல்லையா என்ன?

படிப்பை விட்டால் உங்கள் அம்மா என்னைத்தான் திட்டுவார். முடித்துவிட்டு வாருங்கள். அதற்கு முன் ஒன்று: உங்கள் அம்மாவின் யூனியன் கடைசியாக எப்போது வரவுசெலவு படித்தது என்று கேட்டு எழுதுங்கள்.