கத்திரி வெயில்: வந்த கடிதங்களும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெயிலைப் பற்றியவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயது, இருக்கும் நோய், சாப்பிடும் மாத்திரை, இந்த மூன்றும் இல்லாமல் "தலை சுற்றுகிறது, என்ன செய்யலாம்?" என்று எழுதினால் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது. அப்படி வந்தவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கத்திரி 28ஆம் தேதியோடு முடிகிறதே, அப்புறம் பையனைப் பகலில் கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்பலாமா? வயது 12. (வாசகி, கொளத்தூர்)

வேண்டாம். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி கழிந்த பிறகு. பஞ்சாங்கம் பார்த்து வெயில் அடங்குவதில்லை. காலை 8 மணிக்குள் முடியட்டும், இல்லையென்றால் மாலை 5 மணிக்கு மேல் போகட்டும். லீவு முழுக்க வீட்டுக்குள் இருந்த பையனை முதல் நாளே இரண்டு மணி நேரம் ஓடவிடாதீர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

வேலூர், திருத்தணியில் 42 டிகிரி அடிக்கிறது. சென்னையில் 38தானே, நாம் ஏன் பயப்பட வேண்டும்? (வாசகர், அசோக் நகர்)

புழுக்கத்துக்காகப் பயப்பட வேண்டும். வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, அது காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோர ஈரக்காற்றில் வியர்வை காய்வதில்லை, அதனால் 36, 37 டிகிரியே ஆளைச் சாய்த்துவிடும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போன 5 பேர் உயிரிழந்ததை மறந்துவிட்டீர்களா? அது கத்திரி மாதம் இல்லை. நெரிசலும் நிழலில்லாத மணலும் புழுக்கமும் சேர்ந்தால் எந்த மாதமும் ஆபத்துதான்.

வெயிலில் இருந்தவர் உளறினாலோ, தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ அது சாதாரண மயக்கம் அல்ல. உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வருகிற வரை நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் உட்பட எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

ஓஆர்எஸ் தினமும் குடிக்கலாமா? குழந்தைக்குப் பெட்டியில் வரும் ஆரஞ்சு சுவைதான் பிடிக்கிறது. (வாசகி, பெரம்பூர்)

பெட்டியில் வருவது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். வயிற்றுப்போக்கில் அதைக் கொடுத்தால் போக்கு கூடும். உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத பானத்தின் மேல் ஓஆர்எஸ் என்று போடக்கூடாது என 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உத்தரவே போட்டது. மருந்துக் கடையில் தூள் பாக்கெட் கேட்டு, அளவு எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போட்டுக் கலக்குகிறவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. கலக்கியது 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

வயிற்றுப்போக்கோ கடும் வியர்வையோ இல்லாத நாளில் ஓஆர்எஸ் தேவையே இல்லை. தண்ணீரும் நீர்மோரும் போதும்.

சர்க்கரை நோயாளி நுங்கு சாப்பிடலாமா? (வாசகர், தாம்பரம்)

இரண்டு, மூன்று சாப்பிடலாம். பதநீர் வேண்டாம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்யூரிட்டி இந்த மாதம் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டார். வயது 58. ஆளை மாற்றச் சொல்லி ஏஜென்சியிடம் பேசிவிட்டோம். புதிதாக வருபவருக்கு ஏதாவது சத்து மருந்து கொடுக்கலாமா? (சங்கச் செயலாளர், பெருங்குடி)

சத்து மருந்து வேண்டாம். முதலில் நீங்கள் அவரை உட்கார வைத்திருக்கும் கூண்டை மாற்றுங்கள்.

நீங்கள் எழுதாவிட்டாலும் அந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை, மேலே மர நிழல் கிடையாது. பாலியஸ்டர் சட்டை, ஷூ, பெல்ட், 12 மணி நேர ஷிப்ட். ஃபேன் இருந்தாலும் அது தகரத்தின் அனலையே திருப்பி அடிக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கிறேன். அவர் கழிப்பறைக்கு எங்கே போகிறார்? பல குடியிருப்புகளில் பணியாளர் கழிப்பறை கிடையாது, இருந்தால் பூட்டிக் கிடக்கும். அதனால் அவர் தண்ணீரே குடிப்பதில்லை. மாடிப்படி பெருக்க வரும் பெண்கள் காலை 7 மணியிலிருந்து மத்தியானம் வரை தொண்டை நனைக்காமல் வேலை செய்கிறார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்க் கல் என்று மே மாதம் தோறும் என்னிடம் வருகிறவர்களில் இவர்களே அதிகம். "தண்ணீர் குடிங்கம்மா" என்றால், "குடிச்சா எங்க டாக்டர் போறது?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் மருந்து இல்லை. உங்கள் சங்கத்திடம் ஒரு சாவி இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. தகரத்தின் மேல் கீற்று வேயுங்கள், அல்லது பச்சை நிழல்வலை கட்டுங்கள். 12 மணியிலிருந்து 3:30 வரை நாற்காலியை லிஃப்ட் பக்கம் உள்ளே போடுங்கள். பருத்திச் சட்டையும் செருப்பும் போதும் என்று ஏஜென்சிக்கு எழுதிக் கொடுங்கள். ஒரு மண்பானை, ஒரு டம்ளர். வீட்டுக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் வந்தால் அதிகம். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்தது. நிழலும் தண்ணீரும் தர எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பெரியவரை யாராவது டாக்டரிடம் காட்டினீர்களா? 58 வயதில் இரண்டு முறை விழுந்தால் பிபி, சர்க்கரை, ஈசிஜி பார்த்தே ஆக வேண்டும். இதய நோயாகவும் இருக்கலாம். ஆளை மாற்றியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஏஜென்சியிடம் விசாரித்து, முதலில் அவரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை மருந்தே கூடாது என்கிறார் மாமியார். (வாசகி, வியாசர்பாடி)

மாமியாரின் வேப்பிலையும் இளநீரும் இருக்கட்டும், தடையில்லை. டாக்டரையும் பாருங்கள். வீட்டில் கர்ப்பிணியோ, அம்மை வராத பெரியவர்களோ இருந்தால் இன்றே சொல்லுங்கள். அவர்களுக்குக் கொப்புளம் கிளம்பினால் வைரஸ் மருந்தை முதல் 24 மணி நேரத்தில் தொடங்குவதில்தான் பலன் அதிகம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை மற்றவர்களுக்குத் தொற்றும்.

தர்பூசணியில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றுகிறார்களாமே? (பலர்)

2025 வதந்தியையே இன்னும் கேட்கிறீர்கள். அப்போது விவசாயிகள் பாவம், விலை சரிந்து தவித்தார்கள். வெட்டித் தட்டில் வைத்து ஈ மொய்க்கும் துண்டுக்குப் பயப்படுங்கள். முழுப் பழம் வாங்கி வீட்டில் வெட்டுங்கள்.

லாரித் தண்ணீர் விடுவதற்கு முன் சம்பில் நாங்களே இறங்கிக் கழுவலாமா? (வாசகர், மடிப்பாக்கம்)

இறங்காதீர்கள். மூடியே கிடந்த சம்பில் மூச்சுக்கான காற்று இருக்காது, இறங்கிய ஆள் சத்தமில்லாமல் சாய்வார். காப்பாற்றப் போகிறவரும் சாய்வார். பழக்கமும் பாதுகாப்புக் கருவியும் உள்ளவர்களிடம் விடுங்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்க வேண்டாம், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். சம்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது, பிபி மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. மொட்டை மாடிக்குக் கீழ் அறை. வெளியே போவதே இல்லை, அதனால் பயமில்லைதானே? (வாசகர், மேற்கு மாம்பலம்)

விவரத்தோடு எழுதியதற்கு நன்றி. பயம் உண்டு. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் ராத்திரி முழுக்க அனலைக் கீழே இறக்கும். வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு ஃபேன் போடுங்கள். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். கோடை முடியும் வரை கீழ் வீட்டில் படுக்க முடிந்தால் இன்னும் நல்லது. நீர் மாத்திரையின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பேச்சு குழறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

கரண்ட் போனால் இன்சுலினை எங்கே வைப்பது? (வாசகி, திருவொற்றியூர்)

திறந்த மருந்து 25, 30 டிகிரிக்குள் சுமார் ஒரு மாதம் தாங்கும். மே மாதத்து அறை அதைவிடச் சூடு. ஒரு மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, மருந்தை டப்பாவில் போட்டு அதனுள் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கவே வேண்டாம். உறைந்துபோன இன்சுலின் இளகினாலும் பயன்படாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.