செருப்பை அணைத்துப் படுப்பது பொய்ச்சினை
தம்பி, பாம்பனில் உங்கள் நாய் பருவத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஆணோடு சேரவே இல்லை, ஆனாலும் மடியில் பால், கிழிந்த வலைமேல் ஒரு செருப்பை அணைத்துக்கொண்டு உறுமுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பொய்ச்சினைதான், அதாவது சினை இல்லாமலே சினைபோல் உடம்பு நடந்துகொள்வது. சினை பிடிக்காவிட்டாலும் புரோஜெஸ்டிரோன் என்ற சினைக்கால ஹார்மோன் உடம்பில் இரண்டு மாதம் ஓடும், அது இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறிவிடும். பாவம், அவளுக்கு அது நிஜக் குட்டி, திட்டாதீர்கள்.

மடியைப் பீய்ச்ச வேண்டாம், தொட்டுத் தொட்டுப் பார்த்தாலே இன்னும் சுரக்கும். எங்கள் மண்டபத்து வீட்டு நாயைத் தினமும் கடற்கரையில் ஓடவிட்டேன், 3 வாரத்தில் தானாகவே தெளிந்துவிட்டாள். ஆனால் மடி கல்லாக இறுகிச் சுட்டாலோ, பின்புறத்தில் சீழ் கசிந்தாலோ, சோற்றைத் தொடாமல் தண்ணீரையே குடித்தாலோ அன்றே கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போங்கள், கர்ப்பப்பையில் சீழ் கோத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், கருத்தடை ஆபரேஷன் பால் முழுக்க வற்றிய பிறகுதான்.