முந்திரி மணம் எங்கே போனது?

கேள்வி: நாகர்கோவில் கடையில் முகர்ந்தபோது நெய்யில் வறுத்த அண்டிப்பருப்பு (முந்திரி) போல மணந்த சென்ட் ஒன்றை வாங்கினேன். காலையில் அடித்துக்கொண்டு கருங்கல் ஊரில் பஸ் ஏறினால், நாகர்கோவிலில் இறங்கும்போது வெறும் பஞ்சு மிட்டாய். மதியத்துக்குமேல் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. உடன் வேலை பார்ப்பவர்களோ தலை வலிப்பதாகச் சொல்கிறார்கள். மறுபடி அடித்தாலும் அந்த மணம் கொஞ்ச நேரம்தான். திரவமும் பழுப்பாகி வருகிறது. போலியா?

பதில்: நீங்கள் சொன்ன எதுவும் போலிக்கு அடையாளம் இல்லை. பெட்டியிலும் பாட்டில் அடியிலும் உள்ள பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாயசத்துக்குப் பருப்பை நெய்யில் வறுக்கும்போது எழும் மணத்துக்கு முக்கியக் காரணம் பைரசின்கள் என்ற சேர்மங்கள். (தோட்டோடு வறுக்கும் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலையின் புகை வேறு, அதை யாரும் பாட்டிலில் அடைக்க மாட்டார்கள்.) சென்ட் செய்பவரும் இந்தக் குடும்பத்திலிருந்துதான் எடுக்கிறார். துளியிலும் துளி போதும், அவ்வளவு வீரியம்; ஆனால் அவற்றில் பல சீக்கிரம் ஆவியாகிவிடும். பாதாம் மணம் தரும் பென்சால்டிஹைடும் அப்படித்தான்: கொதிநிலை 179 டிகிரி. வெனிலாவின் வெனிலினுக்கு அது 285 டிகிரி. இந்த இடைவெளிதான் உங்கள் பஸ் பயணத்தில் நடக்கும் கதை. பருப்பு முதலில் இறங்கிவிடுகிறது, சர்க்கரை கடைசி நிறுத்தம் வரை வருகிறது.

அந்தப் பஞ்சு மிட்டாய் மணம் பெரும்பாலும் எத்தில் மால்டால் என்ற சேர்மம். 1992-இல் வந்த தியெரி முக்ளேரின் ‘ஏஞ்சல்’ என்ற சென்ட் அதைத் தாராளமாக ஊற்றிப் புகழ்பெற்றது. அதன் திகட்டலை அடக்கப் பச்சௌலி என்ற இலையின் கசப்பான, மண் வாசனையுள்ள எண்ணெயையும் சேர்த்தார்கள். அந்த வழியில் வந்தவை இன்று கடை நிறைய இருக்கின்றன. என் ரசனைக்கு, கசப்போ மரமோ இல்லாத தின்பண்ட சென்ட் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

மதியத்துக்குமேல் தெரியாமல் போவது உங்கள் மூக்கின் வேலை. விடாமல் வரும் ஒரே மணத்தை அது கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. புதிதாக அறைக்குள் வருகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

உண்மையான தப்பு மறுபடி அடிப்பதில்தான் இருக்கிறது. பருப்பு மணம் வேண்டித்தான் அடிக்கிறீர்கள்; ஆனால் அதோடு வெனிலினும் மால்டாலும் சேர்ந்து, காலையில் போட்டது போகாமல் கிடக்கும் அதே இடத்தில் இன்னொரு அடுக்காக ஏறுகின்றன. பருப்பு மீண்டும் பறக்கிறது, இனிப்பு இரட்டிப்பாகிறது. பக்கத்து மேசைக்காரரின் தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டாம். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் தலையில் இருந்தால் இன்னும் கனக்கும்: அதன் மணத்துக்குக் காரணமான லாக்டோன்கள் என்ற சேர்மங்களின் உறவினர்தான் இத்தகைய சென்ட்டுகளின் பால் போன்ற வழவழப்புக்கும் சேர்க்கப்படுகிறது.

ஆகவே ஒரே ஒரு முறை அடியுங்கள். கழுத்தில் வேண்டாம், உடைக்குள் வயிற்றுப் பகுதியில் போதும். குளித்து ஈரம் நன்றாகத் துவட்டியபின், வீட்டைவிட்டுப் புறப்பட அரை மணி நேரம் முன்பே அடித்தால் முதல் வீச்சு வீட்டிலேயே அடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் இதை மாலை நேரக் கல்யாண வரவேற்புக்கு ஒதுக்கிவையுங்கள். ஆனி, ஆடிச் சாரலில் பகலிலும் நன்றாக இருக்கும்.

அடுத்த முறை கடையில் காகிதத் துண்டை முகர்ந்து பணம் கொடுக்காதீர்கள். முன்கையில் அடித்துக்கொண்டு வெளியே போய் மற்ற வேலைகளை முடியுங்கள், சாப்பிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து மிச்சமிருக்கும் மணம் பிடித்திருந்தால் மட்டும் திரும்பிப் போங்கள். நீங்கள் நாள் முழுக்கச் சுமக்கப்போவது அதைத்தான்.

பழுப்பு நிறத்துக்கும் வெனிலின்தான் காரணம். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது கருக்கும். மணம் புளிக்காதவரை கவலையில்லை. வெள்ளைத் துணியில் மட்டும் நேராக அடிக்காதீர்கள், கறை விடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியிலும் குளியலறையிலும் வைக்காமல், பெட்டியோடு பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள்.