கிராபிக்ஸ் கார்டா, மானிட்டரா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், குடியாத்தத்தில் இருக்கிறேன். கோயில் சிற்பங்களைப் படமெடுப்பதில்தான் இப்போது பொழுது போகிறது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறேன். ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் மச்சானுக்குச் சேலைப் படங்களும் எடுத்துத் தருவேன். பழைய லேப்டாப் ரொம்பத் திணறுகிறது. அதில் நன்றாகத் தெரிகிற படம் பிரிண்ட் போட்டால் இருண்டு வருகிறது. சேலை நிறமும் மாறுகிறது என்கிறார் மச்சான். எண்பதாயிரம் வரை செலவு செய்யலாம். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறான் அண்ணன் மகன். வாங்கலாமா?

ச.கு., குடியாத்தம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. லேப்டாப் திணறுவதை கேமிங் கம்ப்யூட்டர் தீர்த்துவிடும். பிரிண்ட் இருண்டு வருவது அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அது திரையின் கோளாறு.

திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்து வேலை செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எல்லோரும் செய்வதுதான். கண் கூசுகிற திரையில் போதுமான வெளிச்சத்தோடு தெரியும் படம், அறை வெளிச்சத்தை மட்டுமே நம்பியிருக்கும் தாளில் மங்கிவிடும். பிரிண்டுக்காகத் திருத்துகிறவர்கள் மானிட்டர் ஒளியை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை வைப்பது வழக்கம். சாதாரண மானிட்டரே முழு வெளிச்சத்தில் 250 வரை போகும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை ஏறக்குறைய அந்தத் தாள் போலத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பிறகு பழைய படம் ஒன்றைத் திருத்தி மறுபடி பிரிண்ட் போட்டுப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை.

அப்புறம் திரையின் தரம். அந்த மண்டபத் தூணில் பாய்கிற யாளியின் வாய்க்குள் இருக்கும் இருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டி.என். என்கிற மலிவான ரகத் திரையில் நேராகப் பார்த்தால் உள்ளே பல் வரிசை மங்கலாகத் தெரியும், கொஞ்சம் குனிந்து பார்த்தால் மொத்தமும் கறுப்பு. இதில் எதை நம்பி நிழலை வெளிச்சமாக்குவீர்கள்? ஐ.பி.எஸ். என்கிற இன்னொரு ரகத் திரையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. நிறமும் அப்படித்தான். விலை குறைந்த லேப்டாப்களில், திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு, 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்று போட்டிருப்பார்கள். இணையப் படங்களுக்குப் பொதுவான நிற அளவுகோலான எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் மூன்றில் இரண்டு பங்குகூட அதில் முழுதாக வராது. அழுத்தமான சிவப்புச் சேலை அதில் வெளுத்துத் தெரியும், நீங்கள் நிறத்தை ஏற்றுவீர்கள், நல்ல போனில் பார்க்கிற மச்சானுக்குச் சேலை பற்றி எரியும். (பாதிப் பழி கடையின் ட்யூப் லைட் மேலும் இருக்கலாம். ஜன்னல் வெளிச்சமும் ட்யூப் லைட்டும் கலந்து விழுந்தால் எந்த மானிட்டரும் காப்பாற்றாது. ஏதாவது ஒரு வெளிச்சத்தில் எடுங்கள்.)

ஆகவே முதல் பணம் மானிட்டருக்கு. 24 அல்லது 27 அங்குல ஐ.பி.எஸ்., எஸ்.ஆர்.ஜி.பி. நூறு சதவீதமோ அதற்கு மிக அருகிலோ இருக்க வேண்டும். திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்று 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் கணக்கைக் கடைக்காரர் ஆரம்பித்தால் சிரித்துவிட்டு நகருங்கள், யாளி அசையப் போவதில்லை. பட்ஜெட் இடம் கொடுத்தால் நிறத்தை அளந்து சரிசெய்யும் காலிப்ரேட்டர் ஒன்றும் வாங்கலாம்.

மிச்சத்தில் டெஸ்க்டாப். லேப்டாப்பே வேண்டும் என்றால் இந்தப் பணத்தில் திரையிலோ வேகத்திலோ கை வைக்க வேண்டியிருக்கும். ராம் 16 ஜி.பி.க்குக் குறையக் கூடாது, 32 இருந்தால் நிம்மதி. 24 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா தரும் பதப்படுத்தாத மூலப் படம்) டிஸ்கில் சுமார் முப்பது எம்.பி.தான் இருக்கும். அதைத் திருத்தத் திறந்தால் பிக்சலுக்கு மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட் என்று 144 எம்.பி. ஆகிவிடும். மேலே நாலு லேயர் (திருத்தங்களை அடுக்கடுக்காக வைப்பது) போட்டால் உங்கள் பழைய லேப்டாப் ஏன் திணறுகிறது என்று புரியும். டிஸ்க், வேகமான எஸ்.எஸ்.டி. ரகம்தான், அதில் யோசிக்கவே வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டு வீண் என்று சொல்ல மாட்டேன். மண்டப இருட்டில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றி எடுத்த படத்தின் புள்ளிகளை ஏ.ஐ. கொண்டு நீக்குகிற வேலைக்கு அது நன்றாக உதவும். கார்டு இல்லாவிட்டால் ஒரு படத்துக்குப் பல நிமிஷம் ஆகலாம். அதனால் என்ன, பத்துப் படங்களைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். கல்யாண ஆல்பம் நாளைக் காலை தர வேண்டிய ஸ்டுடியோக்காரருக்குத்தான் அந்த அவசரம். பின்னால் தேவைப்பட்டால் போட்டுக்கொள்கிற மாதிரி கேபினெட்டும் பவர் சப்ளையும் இருந்தால் போதும். படம் திருத்தும் டார்க்டேபிள், கிம்ப் இரண்டும் இலவசம் என்பதால் மென்பொருளுக்கு இப்போது செலவு வேண்டாம்.

நம் ஊர்க் கோடையையும் மறக்காதீர்கள். காற்றுப் போகாத மேஜை அறைக்குள் கேபினெட்டைச் செருகினால், சூடேறிய பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யு.பி.எஸ். மோடில் வையுங்கள், இல்லையென்றால் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பழைய லேப்டாப்பில் இருக்கும் படங்களுக்கு வேறு பிரதி இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. மானிட்டர் வாங்கப் போகும் முன்பே இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், இன்னொன்றை அடுத்த முறை ஆரணி போகும்போது மச்சானிடம் கொடுத்து வையுங்கள்.