அதுவா, அவரா?

அன்புள்ள ஐயா,

மனிதர்கள் வேற்றுக்கிரகவாசிகளை முதன்முதலாகச் சந்திக்கும் கதைகளைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஆங்கிலக் கதைகள். ஒன்று, வருகிறவர்கள் சுடுகிறார்கள். இல்லாவிட்டால் நாம் சுடுகிறோம். மற்ற மொழிகளிலும் இதேதானா? இன்னொன்று, நானே ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். வந்திறங்கியவர் பேசும் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். ‘எனக்கு எல்லா மொழிகளும் தெரியும்’ என்று அவரையே சொல்ல வைத்துவிட்டால் அது ஏமாற்று வேலையா?

க.

அன்புள்ள க.,

ஆங்கிலத்திலேயே சுடாத கதைகள் உண்டு. மர்ரே லைன்ஸ்டர் 1945-இல் எழுதிய ‘ஃபர்ஸ்ட் கான்டாக்ட்’ கதையில் நண்டு நெபுலாவில் இரண்டு கப்பல்கள் எதிர்ப்படுகின்றன. இரு தரப்பிலும் கெட்டவர்கள் யாருமில்லை. ஆனால் ஒருவர் கிளம்பினால் மற்றவர் பின்னாலேயே வந்து வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் இருவரும் நகர முடியாமல் நிற்கிறார்கள். கடைசியில் கப்பல்களை மாற்றிக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பிடித்தது முடிவில் வரும் ஒரு தகவல். செய்தித் தொடர்பைப் பார்த்துக்கொண்ட மனிதரும் அந்தப் பக்கத்து ஆளும் இரண்டு மணி நேரம் கெட்ட ஜோக்குகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

ரஷ்ய எழுத்தாளர் இவான் யெஃப்ரெமோவுக்கு இந்தப் பயமே பிடிக்கவில்லை. பதிலுக்கு ‘பாம்பின் இதயம்’ என்றொரு கதை எழுதினார், 1959-இல் வந்தது. அதில் வரும் விண்வெளிப் பயணிகளே அந்தப் பழைய அமெரிக்கக் கதையை எடுத்து விவாதிக்கிறார்கள். நட்சத்திரங்களுக்கிடையே பயணம் போகிற அளவுக்கு வளர்ந்த சமூகம் போரையெல்லாம் எப்போதோ தாண்டி வந்திருக்கும் என்பது அவர் கட்சி. அவர்கள் சந்திப்பவர்கள் நமக்கு நஞ்சான ஃப்ளூரின் வாயுவில் வாழ்பவர்கள். நடுவே கண்ணாடி போல ஒரு தடுப்பு; பார்த்துக்கொள்ளலாம், தொட முடியாது. அந்த இடம் அழகாக வந்திருக்கிறது. அப்புறம்தான் நமது உயிரியலாளர் ஒருவருக்கு ஒரு யோசனை வருகிறது: அவர்கள் உடலில் ஃப்ளூரினுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் வரும்படி மரபையே மாற்றிவிட்டால் என்ன? அன்பாகத்தான் சொல்கிறார். சந்தித்த கையோடு ‘நீங்களும் எங்களைப் போல ஆகிவிடலாமே’ என்கிற அன்பு. துப்பாக்கியைவிட எனக்கு அதுதான் திகிலாக இருந்தது.

போலந்தின் ஸ்தானிஸ்லாவ் லெம் இந்த இரண்டு கட்சியிலும் சேரவில்லை. 1961-இல் வந்த ‘சோலாரிஸ்’ நாவலில் ஒரு கிரகத்தை மூடிக் கிடக்கும் கடல்தான் அந்த அந்நிய உயிர். தலைமுறை தலைமுறையாக அதை ஆராய்ந்து நூலகமே எழுதிக் குவித்தாயிற்று. அதனோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்த நாவலுக்கே நேர்ந்த கதியைக் கேளுங்கள். 1970-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு பிரெஞ்சு வழியாக வந்தது. ஹாரே என்ற பெண் ரேயா ஆகிவிட்டாள். லெமுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், படித்துவிட்டு நொந்துகொண்டார். போலிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு நேரடியாக வந்து சேர ஐம்பது வருஷம் பிடித்தது. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் (ரஷ்யன், 1972) இன்னும் ஒரு படி மேலே: வந்தவர்கள் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பிக்னிக் வந்தவர்கள் மாதிரி குப்பையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. ஏமாற்று வேலை இல்லை. சத்யஜித் ராய் 1962-இல் வங்காளத்தில் எழுதிய ‘பங்குபாபுவின் நண்பன்’ கதையில் அதைத்தான் செய்கிறார். வந்தவர் முதலில் புரியாத பாஷையில் என்னவோ சொல்கிறார், அடுத்து ஆங்கிலத்தில் கேட்கிறார், அப்புறம் நல்ல வங்காளத்துக்கு மாறிவிடுகிறார். ராய்க்கு மொழிச் சிக்கல் தேவையில்லை. எல்லோரும் கிண்டல் செய்யும் ஒரு வாத்தியாருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக மரியாதை கிடைக்க வேண்டும், அதுதான் தேவை. உங்கள் கதைக்கு என்ன தேவை என்று பாருங்கள்.

ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு வேறொரு இடத்தில் முள் இருக்கிறது. ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை, மற்றுயிர் உள்ளவும் இல்லவும் அஃறிணை’ என்கிறது நன்னூல். வானத்திலிருந்து இறங்குகிறவர் தேவரா, நரகரா, ‘மற்றுயிரா’? துருக்கிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் ‘ஓ’ என்ற ஒரே சொல்தான். சீனத்தில் மூன்றுக்கும் ஒலி ஒன்று, எழுத்து வேறு. வாய்விட்டு வாசித்தால் தப்பித்துவிடலாம். நமக்கு வினைமுற்றே காட்டிக் கொடுத்துவிடும். ‘கதவருகே வந்து நின்றது’ என்று எழுதினால் அது பிராணி. ‘நின்றார்’ என்றால் விருந்தாளி. நான் பாதியில் கைவிட்ட ஒரு கதையில் இருபது பக்கம் ‘அது’ என்றே எழுதிக்கொண்டு போனேன். எந்த வாக்கியத்தில் ‘அவர்’ ஆக்குவது என்று தெரியவில்லை. இப்போது யோசித்தால், கதையே அந்த ஒரு வாக்கியம்தான் என்று தோன்றுகிறது.

அவர் வாய் திறந்தால் அடுத்த முள். ஆங்கிலத்தில் ‘வீ’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் ‘இங்கிருந்து நாங்கள் போயாக வேண்டும்’ என்றால் விடைபெறுகிறார். ‘நாம் போயாக வேண்டும்’ என்றால் உங்கள் கதாநாயகன் பெட்டி கட்ட வேண்டும், அல்லது ஓட வேண்டும். எல்லா மொழியும் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டாலும், இந்த இரண்டில் ஒன்றை அவர் தப்பாகச் சொல்லலாம் அல்லவா? தப்பு என்று கேட்பவனுக்குத் தெரியாமலும் போகலாம். நானாக இருந்தால் அங்கேதான் தொடங்குவேன்.

எழுதியதும் அனுப்புங்கள். முதலில் வினைமுற்றுகளைத்தான் பார்ப்பேன்.