வெள்ளிக் கண்கள் யாருடையவை?

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகன் சாயம் பூசிய நான்கு முகங்கள் அச்சிட்ட கறுப்பு டி-ஷர்ட் ஒன்றை வாங்கி வந்தான். கிஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு. கண்களைச் சுற்றி வெள்ளி பூசிய முகத்தைக் காட்டி “இது ஏஸ் ஃப்ரேலி” என்றேன். “இல்லை அப்பா, டாமி தாயர்” என்கிறான். அவன் பார்த்த கச்சேரிகளில் எல்லாம் அந்த முகத்தோடு நிற்பவர் தாயர்தானாம். அடுத்தவர் முகத்தைத் திருடி மாட்டிக்கொண்ட போலி அவர் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

மகனிடம் வாதம் எடுபடாமல் என்னைப் பஞ்சாயத்துக்கு அழைத்திருக்கிறீர்கள். முகம் ஃப்ரேலியுடையது. 2002க்குப் பிறகு அதைப் பூசிக்கொண்டு வாசித்தவர் தாயர். இருவர் சொல்வதும் சரிதான். ‘போலி’தான் எனக்கு உறுத்துகிறது.

1973இல் நியூயார்க்கில் பால் ஸ்டான்லியும் ஜீன் சிம்மன்ஸும் புதுக்குழுவுக்கு ஆள் தேடினார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பீட்டர் கிரிஸ் ஏற்கெனவே கிடைத்திருந்தார். பத்திரிகை விளம்பரம் பார்த்து கிதாரோடு வந்த ஃப்ரேலியின் ஒரு காலில் சிவப்பு ஷூ, மறு காலில் ஆரஞ்சு ஷூ. சாயம் வாங்குவதற்கு முன்பே வேஷத்தோடு வந்த மனிதர். சிம்மன்ஸ் அசுரன், ஸ்டான்லி நட்சத்திரம், கிரிஸ் பூனை, வெள்ளிக் கண்களோடு ஃப்ரேலி விண்வெளி மனிதன்.

ஆள்மாறாட்டம் 2002இல் தொடங்கியது என்று நினைக்கிறீர்கள். இல்லை. 1979இல் வந்த ‘டைனஸ்டி’ ஆல்பத்தின் அட்டையில் கிரிஸின் பூனை முகம் இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு பாட்டுக்குத்தான் அவர் வாசித்தார். மற்றவை ஆன்டன் ஃபிக் என்பவரின் வாசிப்பு. அட்டையில் அவர் பெயரே கிடையாது. 1982இல் ‘கிரீச்சர்ஸ் ஆஃப் தி நைட்’. அட்டையில் ஃப்ரேலி, ஆனால் ஒரு பாட்டிலும் அவர் கிதார் இல்லை. வின்னி வின்சென்ட்டும் வேறு சிலரும் வாசித்தார்கள். வேடிக்கை இத்துடன் முடியவில்லை. 1985இல் அதே ஆல்பத்தைப் புது அட்டையோடு வெளியிட்டார்கள். அதில் நிற்பவர் பின்னாளில் வந்த கிதார்காரர் புரூஸ் கூலிக். அந்த ஆல்பம் பதிவானபோது அவர் குழுவிலேயே இல்லை! நாம் காசு கொடுத்து வாங்கிய முகங்களுக்கும் காதில் விழுந்த கைகளுக்கும் அன்றே தொடர்பு அறுந்துவிட்டது.

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நேர்மை இருந்தது. 1980இல் கிரிஸ் போனதும் எரிக் கார் வந்தார். புரூக்ளினில் அடுப்பு பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். அவரிடம் பூனையைக் கொடுக்கவில்லை. முதலில் பருந்து வேஷம் போட்டுப் பார்த்தார்கள், சகிக்கவில்லை. பிறகு நரி. பழைய ரசிகன் நரியைப் பார்த்ததுமே ஆள் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஃப்ரேலிக்குப் பதிலாக வந்த வின்சென்ட்டுக்கும் அப்படியே, எகிப்தியச் சின்னம் ஒன்றை நெற்றியில் வரைந்து தனி முகம் கொடுத்தார்கள். 1983இல் எல்லோருமே சாயத்தைக் கழுவிவிட்டார்கள். வின்சென்ட்டுக்குப் பின் வந்த மார்க் செயின்ட் ஜானுக்கு மூட்டுவாதத்தில் கை வீங்க, 1984இல் கூலிக் உள்ளே வந்து 12 ஆண்டுகள் இருந்தார். சொந்த முகத்தோடு அத்தனை நாள் வாசித்தவரை உங்கள் மகன் அடையாளம் சொல்வானா, கேட்டுப் பாருங்கள். கார் 1991இல் 41 வயதில் புற்றுநோயில் இறந்தார். டிரம்ஸுக்கு எரிக் சிங்கர் வந்தார்.

1996 ஜூன் 28, டெட்ராய்ட். பழைய நால்வரும் பழைய சாயத்தோடு மேடையேறியபோது சுமார் 40,000 பேர் திரண்டிருந்தார்கள். அந்தக் கூட்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்பது என் ஊகம். விலைபோவது நான்கு முகங்கள் என்று ஸ்டான்லியும் சிம்மன்ஸும் கண்டுகொண்டார்கள். 2001இல் கிரிஸ் விலகியதும் சிங்கர் முகத்தில் பூனை ஏறியது. மறு ஆண்டு ஃப்ரேலி விலகியதும் தாயர் வெள்ளி பூசிக்கொண்டார்.

இந்தத் தாயர் யார்? கிஸ்ஸைப் போல வாசிக்கும் நகல் குழுவில் ஃப்ரேலியாக நின்றவர். பிறகு கிஸ்ஸிடமே வேலைக்குச் சேர்ந்தார். 1996 மறுவருகைக்கு முன் ஃப்ரேலிக்குத் தன் பழைய வாசிப்பே மறந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்த இடத்தில் நீங்கள் இப்படி வாசித்தீர்கள்’ என்று அவருக்கே எடுத்துக்கொடுத்தவர் தாயர். அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்த வேஷத்தைப் போட்டுக்கொண்ட சம்பளக்காரர். 1980இல் நரியைக் கண்டுபிடித்த முதலாளிகளுக்கு 2002இல் அந்தத் துணிச்சல் இல்லை. கோபம் அவர்கள்மேல் இருக்கட்டும்.

உங்கள் கட்சிக்கும் ஆள் உண்டு. ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ 2014இல் முதல் நால்வரை மட்டுமே சேர்த்தது. யார் வாசிப்பது என்ற தகராறில் அன்று கிஸ் வாசிக்கவே இல்லை. 2023 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் கடைசிக் கச்சேரி முடிந்ததும் திரையில் கணினி உருவங்கள் வந்து வாசித்தன. இனி தாயர்கூடத் தேவையில்லை போலிருக்கிறது. ஃப்ரேலி 2025 அக்டோபரில், 74 வயதில் காலமானார்.

அந்த டி-ஷர்ட்டை இன்னொரு முறை பாருங்கள். பூனை இருக்கவேண்டிய இடத்தில் நரி இருந்தால் எந்தக் கடை என்று எழுதுங்கள். எனக்கும் ஒன்று வேண்டும்.

அன்புடன்.